நீரில் ஒளிந்த நஞ்சு

நுழையும்முன்

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரெல்லாம் குடிப்பதற்கு உரிய நீர் அன்று. நிறமும் மணமும் சுவையும் மாறாத நீரிலும் உயிரைப் பறிக்கும் நுண்ணுயிரிகள் வாழக்கூடும். அவற்றுள் கொடியதான காலராக் கிருமி மனிதரை எவ்வாறு கொல்கிறது என்னும் வினாவுக்கு விடை கண்டவர் இந்திய அறிவியலறிஞர் சம்புநாத் தே. எளிய கருவிகளைக் கொண்டு அவர் கண்டறிந்த உண்மை, அந்நோயைப் பற்றிய மருத்துவ உலகின் பார்வையையே மாற்றியது. அவருடைய வாழ்க்கையையும், குடிநீரைக் காப்பதற்கு அவ்வாழ்க்கை உணர்த்தும் பாடத்தையும் இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

ஊர்களை அழித்த நோய்

காலரா என்று மருத்துவ நூல்கள் குறிக்கும் நோயைத் தமிழக மக்கள் வாந்திபேதி என்று அழைத்தனர். காலையில் வயலுக்குச் சென்றவர் மாலைக்குள் கண்கள் குழிவிழுந்து, கைகால்கள் குளிர்ந்து, குரல் ஒடுங்கி இறந்துபோவார். ஒரு வீட்டில் தொடங்கிய நோய் சில நாள்களில் தெரு முழுவதும் பரவும். காரணம் அறியாத மக்கள் அதனைத் தெய்வத்தின் சினம் என அஞ்சினர். சில இடங்களில் ஊரையே காலி செய்து வெளியேறினர்.

வங்காளத்தின் ஆற்றுக்கழிமுகப் பகுதியில் நெடுங்காலம் நிலவிய இந்நோய், 1817ஆம் ஆண்டு முதல் வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் பயணிகளோடும் சேர்ந்து நாடுகளைக் கடந்தது. அடுத்த நூறாண்டுகளில் ஆறு முறை உலகைச் சூழ்ந்து பேரழிவை உண்டாக்கியது. 1961ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது பரவல் இன்றும் முற்றுப்பெறவில்லை.

நோய்க்கும் நீருக்கும் உள்ள தொடர்பை முதலில் நிறுவியவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஸ்னோ ஆவார். 1854ஆம் ஆண்டு லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, இறந்தோரின் வீடுகளை அவர் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் நீரைப் பருகியவர்கள் என்பதைக் கண்டு, அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884ஆம் ஆண்டு, செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆய்வு மேற்கொண்டார். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் குடிப்பதற்கும் மக்கள் ஒருங்கே பயன்படுத்திய குளம் ஒன்றின் நீரில், வளைந்த வடிவுடைய காலராக் கிருமி இருப்பதைக் கண்டறிந்தார்.

நோய் நீரால் பரவுகிறது என்பதும், அதற்குக் காரணமான கிருமி எது என்பதும் இவ்வாறு தெளிவாயின. எனினும், குடலுக்குள் புகும் அச்சிறு கிருமி, வலிமை வாய்ந்த மனிதரைச் சில மணி நேரத்தில் எப்படிக் கொல்கிறது என்பது மட்டும் தெளிவாகவில்லை. அந்த வினா மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் விடையின்றிக் காத்திருந்தது.

சிற்றூரில் தொடங்கிய பயணம்

சம்புநாத் தே, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள கரிபாட்டி என்னும் சிற்றூரில் 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிறந்தார். தந்தையார் தாசரதி தே சிறுவணிகர். குடும்பத்தின் வருவாய் போதுமானதாக இல்லை. ஆயினும், கல்வியின் அருமையை உணர்ந்த உறவினர் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. ஊர்ப்பள்ளியில் சிறப்பாகத் தேர்ச்சி பெற்ற அவர், உதவித்தொகையுடன் ஹூக்ளி மொசின் கல்லூரியில் பயின்றார். பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். மாநகரில் தங்கிப் படிப்பதற்கு வழியின்றி இருந்த அவருக்கு, கொடையுள்ளம் கொண்ட ஒருவர் உணவும் உறைவிடமும் அளித்து உதவினார்.

1939ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்ற சம்புநாத், 1942ஆம் ஆண்டு வெப்பமண்டல நோய்களுக்கான பட்டயத்தையும் பெற்றார். மருத்துவத் தொழிலில் பொருள் ஈட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆனால், நோய்களின் காரணத்தை ஆராய்வதிலேயே அவர் மனம் நாட்டம் கொண்டது. எனவே, நோயியல் துறையில் பயிற்றுநராகப் பணியேற்றார். அத்துறையின் பேராசிரியர் பி.பி.திரிவேதி அவருடைய ஆய்வுத்திறனை உணர்ந்து ஊக்கப்படுத்தினார். அவர் மகள் தருபாலாவைச் சம்புநாத் மணந்துகொண்டார்.

மேற்படிப்புக்காக 1947ஆம் ஆண்டு லண்டன் சென்ற அவர், பல்கலைக்கழகக் கல்லூரியின் மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் ராய் கேமரனிடம் ஆய்வு மேற்கொண்டார். மூளையிலும் நுரையீரலிலும் நீர் சேர்வது பற்றி ஆராய்ந்து, 1949ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். உடலில் நீர் எங்கிருந்து எங்கே செல்கிறது, ஏன் செல்கிறது என்று நுணுகி நோக்கும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது. பின்னாளில் காலராவை ஆராய்ந்தபோது அப்பயிற்சி பெரிதும் கைகொடுத்தது.

நாடு திரும்பிய சம்புநாத், நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும் பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். கல்கத்தா மருத்துவமனைகளில் காலரா நோயாளிகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய துயரத்தை அருகிருந்து கண்ட அவர், அந்நோயையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

பாதை மாறிய தேடல்

காலராக் கிருமி ஒரு நஞ்சினால் தீங்கு செய்யக்கூடும் என்று கோக் முன்பே கருதியிருந்தார். அந்நஞ்சைத் தேடிய அறிஞர்கள், கிருமிகளை விலங்குகளின் இரத்தக்குழாய்களிலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் நோயுற்றன, சில இறந்தன. ஆனால், காலராவின் அடையாளமான பெரும் பேதி அவற்றுக்கு உண்டாகவில்லை. கிருமி இறந்து சிதையும்போது அதன் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்குகிறது என்று பலர் எண்ணினர். குடலின் உட்சுவர் உரிந்து விழுவதே பேதிக்குக் காரணம் என்று வேறு சிலர் கூறினர்.

சம்புநாத் இக்கருத்துகளை ஏற்கவில்லை. காலரா நோயாளியின் இரத்தத்தில் கிருமி பரவுவதில்லை. அது குடலுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது. நோயாளி இழப்பதோ அரிசி கழுவிய நீர் போன்ற வெளிறிய நீர். எனவே, கிருமி செயற்படும் இடம் குடலே. ஆராய வேண்டிய இடமும் குடலே என அவர் முடிவு செய்தார். எளிமையான இந்த முடிவே பின்னர் வந்த கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

நூலால் கட்டிய குடல்

பெருஞ்செலவு பிடிக்கும் கருவிகள் அவரிடம் இல்லை. முயலும் பட்டுநூலும் கிருமிகளை வளர்க்கும் குழம்பும் இருந்தன. மயக்கமுற்ற முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனைகளிலும் பட்டுநூலால் கட்டினார். இரத்த ஓட்டம் தடைப்படாதவாறு கட்டப்பட்ட அப்பகுதிக்குள், காலராக் கிருமிகள் வளர்ந்த குழம்பைச் சிறிதளவு செலுத்தினார். குடலை மீண்டும் வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார்.

மறுநாள் திறந்து பார்த்தபோது, கட்டப்பட்ட பகுதி நீரால் நிறைந்து உப்பியிருந்தது. அந்நீர் காலரா நோயாளியிடமிருந்து வெளியேறும் நீரை ஒத்திருந்தது. கிருமி கலவாத குழம்பு செலுத்தப்பட்ட குடற்பகுதியில் அவ்வாறு நீர் சேரவில்லை. மனிதக் குடலில் நிகழ்வதை ஆய்வகத்தில் கண்முன் காட்டும் முறை ஒன்று இவ்வாறு பிறந்தது. 1953ஆம் ஆண்டு இம்முறையைச் சம்புநாத்தும் அவருடைய உடனாய்வாளரும் வெளியிட்டனர். முயலின் கட்டப்பட்ட குடற்கண்ணி என்னும் பெயரால் இம்முறை உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் வழக்கிற்கு வந்தது.

1956ஆம் ஆண்டு இம்முறையைக் கொண்டு, மனிதக் குடலில் இயல்பாக வாழும் இ-கோலை என்னும் நுண்ணுயிரியையும் அவர் ஆராய்ந்தார். அதன் எல்லா வகைகளும் தீங்கற்றவை அல்ல. சில வகைகள் காலராவைப் போன்றே குடலில் நீரைச் சேர்க்கின்றன என்பதைக் காட்டினார். குழந்தைகளுக்கும் பயணிகளுக்கும் உண்டாகும் வயிற்றுப்போக்கைப் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு இது வழிவகுத்தது.

கிருமி இல்லாத நீரில் நஞ்சு

குடலில் நீர் சேர்வதற்குக் கிருமி உயிருடன் அங்கே இருக்க வேண்டுமா, அல்லது அது வெளியிடும் பொருள் மட்டுமே போதுமா என்பது அடுத்த வினா. இதற்கு விடை காண, கிருமிகள் வளர்ந்த குழம்பைச் சம்புநாத் நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். கிருமிகள் அனைத்தும் வடிகட்டியில் தங்கின. கிருமி ஒன்றும் இல்லாத தெளிந்த நீரைக் குடற்கண்ணியில் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிறைந்தது.

காலராக் கிருமி உயிரோடு இருக்கும்போதே ஒரு நஞ்சை வெளியிடுகிறது. அந்நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. 1959ஆம் ஆண்டு மே மாதம் நேச்சர் இதழில், சம்புநாத் ஒருவரின் பெயர் மட்டுமே தாங்கிய சிறிய கட்டுரையாக இவ்வாய்வு வெளிவந்தது. அதே ஆண்டில் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தைச் சேர்ந்த என்.கே.தத்தாவும் அவருடைய குழுவினரும், முயற்குட்டிகளைக் கொண்டு வேறொரு வழியில் இதற்கு இணையான முடிவை எட்டினர். நீண்ட காலம் அவிழாதிருந்த முடிச்சை இந்திய ஆய்வகங்கள் அவிழ்த்தன.

அந்நஞ்சைப் பிரித்துத் தூய்மைப்படுத்தவும் சம்புநாத் முயன்றார். அதற்குத் தேவையான கருவிகளும் வசதிகளும் அவருக்கு வாய்க்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1969ஆம் ஆண்டு, அமெரிக்க அறிஞர்கள் ஃபிங்கெல்ஸ்டீனும் லோஸ்பல்லூட்டோவும் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர்.

நஞ்சு கொல்லும் முறை

காலரா நஞ்சு குடற்சுவரை அரிப்பதில்லை, கிழிப்பதும் இல்லை. குடற்சுவரின் உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் இயல்பான ஒழுங்கைக் குலைக்கிறது. அவ்வுயிரணுக்கள் உப்புகளை இடைவிடாமல் குடலுக்குள் வெளியேற்றுகின்றன. உப்பு செல்லும் வழியில் நீரும் செல்கிறது. கடுமையான நோயாளி ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்க நேரிடும். இரத்தம் கெட்டிப்படுகிறது, நாடித்துடிப்பு தளர்கிறது, சிறுநீர் நின்றுபோகிறது. உரிய மருத்துவம் கிடைக்காவிடில், கடுமையாகத் தாக்கப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துவிடுவர்.

நோயாளியைக் கொல்வது உடலின் நீரிழப்பே என்பது விளங்கியதும், மருத்துவத்தின் முதற்கடமையும் விளங்கியது. கிருமியைக் கொல்வதற்கு முன்பாக, இழந்த நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடு செய்ய வேண்டும். அவ்வாறு செய்தால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்துவிடுகிறது.

உப்பும் சர்க்கரையும்

இரத்தக்குழாய் வழியே உப்புநீர் ஏற்றும் முறையை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஆனால், அதற்குத் தூய்மையான குப்பிகளும் ஊசிகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். மருத்துவமனையே இல்லாத சிற்றூர்களில் அவை எட்டாக்கனியாக இருந்தன. வாய்வழியே வெறும் நீரையோ உப்புநீரையோ கொடுத்தால் அது பேதியாகவே வெளியேறியது.

சர்க்கரை இச்சிக்கலைத் தீர்த்தது. குடற்சுவர் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் உடன் உறிஞ்சுகிறது; அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. காலரா நஞ்சு குடற்சுவரைச் சிதைப்பதில்லை ஆதலால், இவ்வழி நோயின்போதும் அடைபடுவதில்லை. 1960களின் பிற்பகுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடைபெற்ற ஆய்வுகள் இதனை நடைமுறையில் மெய்ப்பித்தன. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லை கடந்து வந்த ஏதிலியர் போங்காவ் முகாமில் காலராவால் மடிந்தனர். ஏற்றுவதற்கு உப்புநீர்க் குப்பிகள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உருளைகளில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே குறைந்தது.

இன்று அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இவ்வழி வந்ததே. அதனை உருவாக்கியவர் சம்புநாத் அல்லர். ஆயினும், குடலும் நீரும் நஞ்சும் கொண்ட தொடர்பை அவர் தெளிவாக்கியது, அம்மருத்துவம் ஏன் பயன்தருகிறது என்பதை உலகம் விளங்கிக்கொள்ளத் துணைநின்றது.

தெரிந்து தெளிவோம்

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது வீட்டிலேயே கரைசல் தயாரிக்கலாம். காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பையும் நன்கு கரைக்க வேண்டும். உப்பின் அளவு மிகுந்தால் தீங்கு விளையும். ஒரு நாளைக்கு மேல் அக்கரைசலை வைத்திருத்தல் கூடாது. சிறிது சிறிதாக, அடிக்கடி புகட்ட வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. கண்கள் குழிவிழுதல், கிள்ளிய தோல் மெதுவாகப் படிதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஏற்புப் பெறாத ஆண்டுகள்

உலகம் பயன்படுத்திய ஆய்வுமுறைக்கு உரியவரான சம்புநாத், தம் நாட்டில் பெரிதும் அறியப்படாதவராகவே வாழ்ந்தார். பெரிய விருதுகள் எவையும் அவரைத் தேடி வரவில்லை. இந்திய அறிவியல் கழகங்கள் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் இயல்பாகவே கூச்சம் மிக்கவர். தம் பெருமையைத் தாமே எடுத்துரைக்க அறியாதவர். மாணவர்களுக்குக் கற்பிப்பதும் ஆய்வகத்தில் உழைப்பதும் தவிர வேறொன்றையும் நாடாமல், 1973ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார்.

1978ஆம் ஆண்டு நோபல் அறக்கட்டளை, காலராவும் அதனைச் சார்ந்த வயிற்றுப்போக்கு நோய்களும் பற்றிய கருத்தரங்கை ஸ்வீடனில் நடத்தியது. அதில் பங்கேற்குமாறு சம்புநாத்துக்கு அழைப்பு வந்தது. தம் ஆய்வு எத்தனை ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியது என்பதை அவர் நேரில் உணர்ந்த நிகழ்வு அது. நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஜோசுவா லெடர்பர்க் சம்புநாத்தின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். ஆனால், பரிசு கிட்டவில்லை. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் சம்புநாத் இயற்கை எய்தினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1990ஆம் ஆண்டு, கரண்ட் சயின்ஸ் என்னும் இந்திய அறிவியல் இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டு அவருடைய பணியைப் போற்றியது.

முடிவுறாத கடமை

நஞ்சைக் கண்டறிந்ததாலும் மருந்தைக் கண்டறிந்ததாலும் நோய் ஒழிந்துவிடவில்லை. 1992ஆம் ஆண்டின் இறுதியில் காலராக் கிருமியின் புதிய வகை ஒன்று இந்தியாவில் தோன்றியது. அதன் பரவல் முதலில் கண்டறியப்பட்ட இடங்களுள் சென்னையும் ஒன்று. காலராவைத் தவிர டைபாய்டு, சீதபேதி, மஞ்சள்காமாலை முதலிய நோய்களும் மாசடைந்த நீரால் பரவுகின்றன. வயிற்றுப்போக்கால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இறக்கின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது.

மருத்துவம் உயிரைக் காக்கிறது. ஆனால், நோய் வராமல் காப்பது தூய நீரே. இதனை ஒரு வட்டாரத்தைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரம், கல்வராயன் மலையை அடுத்த ஊர். மலையிலுள்ள சிற்றூர்களில் வாழும் பழங்குடி மக்கள் ஊற்றுகளையும் ஓடைகளையும் நெடுங்காலம் நம்பி வாழ்ந்தவர்கள். சமவெளியில் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளும் மக்களின் தாகம் தணிக்கின்றன. நீரின் மூலம் எதுவாயினும், மனிதக்கழிவு அதில் கலப்பதற்கான வாயில்கள் ஒன்றுபோலவே உள்ளன.

மழைக்காலத்தில் பெருகிவரும் நீர், திறந்தவெளியில் கிடக்கும் கழிவை ஓடைக்கும் சுவரில்லாத கிணற்றுக்கும் அடித்துச் செல்கிறது. கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிச் செல்லும் குடிநீர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், நீர் விடப்படாத நேரத்தில் வெளியிலுள்ள அழுக்குநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. நீர் வரத்து குறைந்த தெருக்களில் குழாயடியில் பள்ளம் தோண்டிக் குடத்தை இறக்கி வைப்பது வழக்கம். அப்பள்ளத்தில் தேங்கும் அழுக்கும் அதே வழியில் குழாய்க்குள் புகுகிறது. இவற்றையெல்லாம் கடந்து வீட்டுக்குத் தூய்மையாக வந்த நீரும், கழுவாத கையைக் குடத்துக்குள் விட்டு மொள்ளும்போது மாசடைந்துவிடுகிறது.

இவ்வாயில்களை அடைக்கும் வழிகள் அரியன அல்ல. ஊற்றையும் கிணற்றையும் சுற்றிச் சுவர் எழுப்பி, கால்நடைகள் அணுகாமல் காக்க வேண்டும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி தொலைவேனும் இருத்தல் நலம். மேல்நிலைத் தொட்டியை முறையாகக் கழுவி, நீரில் பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கலக்க வேண்டும். மாசு மிகாத நீராயின் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடர் போதும். கலந்தபின் ஒரு மணி நேரம் கழித்து நீரை வழங்கலாம். தெருவின் கடைசிக் குழாயிலும் ஒரு லிட்டர் நீரில் 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருப்பதே நீர் காப்புடன் வந்து சேர்ந்ததற்கு அடையாளம்.

வீட்டில் நீரைக் கொதிநிலையில் ஒரு நிமிடமேனும் காய்ச்சினால் நோய்க்கிருமிகள் மடிகின்றன. பழைய துணியைப் பல மடிப்புகளாக மடித்து நீரை வடிகட்டும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. காலராக் கிருமிகள் நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்களின்மேல் ஒட்டியிருப்பதால், இவ்வாறு வடிகட்டுவது அந்நோயை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை வங்கதேசச் சிற்றூர்களில் நிகழ்ந்த ஆய்வு 2003ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. எனினும், துணி எல்லாக் கிருமிகளையும் தடுத்துவிடாது. வடிகட்டிய நீரையும் காய்ச்சுவதே சிறந்தது. காய்ச்சுவதாலும் நீங்காதவை ஃபுளூரைடு, நைட்ரேட் போன்ற வேதிப்பொருள்கள். ஆதலால், நீர் ஆதாரங்களை ஆய்வகத்தில் சோதித்தறிவது இன்றியமையாதது. 1971ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் அப்பணியைச் செய்கின்றன. 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஓர் இ-கோலை கூட இருத்தல் கூடாது என்பது இந்தியத் தர அளவீடு. சம்புநாத் தம் குடற்கண்ணி முறையால் ஆராய்ந்த அதே நுண்ணுயிரி, இன்று மனிதக்கழிவு நீரில் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக விளங்குகிறது.

ஒரு தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் பேதி தோன்றினால், அதனை உணவுக் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல் ஊராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவிப்பது ஊராரின் கடமை. குழாய் உடைந்த இடத்தை அன்றே கண்டறிவது, பத்து நாள் கழித்து நோயாளிகளை எண்ணுவதைவிட எளிது.

சம்புநாத்தின் ஆய்வகத்தில் இருந்தவை சில முயல்களும் பட்டுநூலும் வடிகட்டியும் மட்டுமே. பிறர் தேடிய இடத்தை விட்டு, நோய் இருந்த இடத்தில் தேடியதே அவருடைய சிறப்பு. நோயின் மூலத்தை அது இருக்கும் இடத்திலேயே தேட வேண்டும் என்னும் அவருடைய நெறி ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. தம் ஊரின் கிணற்றையும் தொட்டியையும் குழாயடியையும் உற்று நோக்கும் ஒவ்வொருவருக்கும் அது பொருந்தும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் குடிநீர் எங்கிருந்து பெறப்படுகிறது, எவ்வழியே வீடுகளை வந்தடைகிறது என்பதைக் கேட்டறிந்து வரைபடமாக வரைக. நீர் மாசடையக்கூடிய இடங்களை அதில் குறித்துக் காட்டுக.

2. உங்கள் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எப்போது தூய்மை செய்யப்படுகிறது, குளோரின் எவ்வளவு கலக்கப்படுகிறது என்பதை அதனை இயக்கும் பணியாளரிடம் கேட்டு எழுதுக.

3. காலரா நஞ்சு குடற்சுவரைச் சிதைப்பதில்லை என்னும் உண்மைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பயனுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

4. உங்கள் தெருவில் உடைந்துள்ள குடிநீர்க் குழாயைச் சீரமைக்க வேண்டி ஊராட்சி மன்றத் தலைவருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.